எம்டன் கேப்டனைத் தேடிப் பிடிப்பது எப்படி

எங்கள் வீட்டில் யாராவது கமுக்கமாக இருந்து பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டால் தாத்தா "சரியான எம்டன்டா இவன்" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல், தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அந்தக் கப்பலை ஓட்டிவந்த கார்ல் ஃபான் முல்லரைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம்மில் பலர் முழிப்போம். அவரைப் போன்ற ஒரு பதக்கம் வாங்கிய கடற்படை அதிகாரியின் போர்க்கால வாழ்க்கையை, வீட்டிலிருந்தபடியே, பெரும்பாலும் காசு செலவில்லாமல், நம்பகமாகத் தொகுப்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முல்லரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வழிமுறை வேறு எந்த அதிகாரிக்கும் பொருந்தும்.

முதலில், ஒரு வாழ்க்கை வரலாற்றைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் குறிப்பெடுக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்து மூன்று வாரம் வீணடித்தேன், கடைசியில் கையில் இருந்தது ஒரே ஒரு ஆசிரியரின் கதை. அதற்குப் பதிலாக ஒரு நோட்டிலோ கணினியிலோ ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, இடம், என்ன நடந்தது, யார் சொல்கிறார், அதைச் சொல்பவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார். கடைசிக் கட்டத்தைப் பலரும் போடுவதில்லை. போட்டுப் பாருங்கள், பாதிக் கதைகள் அங்கேயே ஆட்டம் காணும். அது எப்படி என்று கீழே கோகோஸ் தீவுச் சண்டையில் காட்டுகிறேன்.

அப்புறம், ஆளைத் தேடாதீர்கள், கப்பலைத் தேடுங்கள். கடற்படை அதிகாரியின் போர்க்காலம் என்பது பெரும்பாலும் அவருடைய கப்பலின் நாட்குறிப்புதான். ஆளின் பெயர் ஆவணங்களில் எப்போதாவது வரும், கப்பலின் பெயர் அடிக்கடி வரும், கப்பல் எங்கே இருந்ததோ அங்கேதான் அவரும் இருந்தார்.

போருக்கு முந்தைய பகுதியை நான்கைந்து வரியில் முடித்துவிடலாம். முல்லர் 1873 ஜூன் 16 ஹனோவரில் பிறந்தார், அப்பா ராணுவ அதிகாரி, 1891-ல் கடற்படையில் சேர்ந்தார், 1913-ல் எம்டன் அவர் கைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், இளம் அதிகாரியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோது அவரைப் பிடித்த மலேரியா. அதைக் குறித்து வையுங்கள், கதையின் கடைசியில் அது திரும்பி வரும்.

பதவிப் பெயரில் எல்லோரும் ஒருமுறை சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன். எம்டனை நடத்தியபோது முல்லரை எல்லோரும் கேப்டன் என்றார்கள், ஆனால் அது கப்பலின் தலைவர் என்ற பொறுப்பைக் குறிக்கும் சொல். ஜெர்மன் கடற்படையில் முழுக் கேப்டனுக்கு உரிய பதவி பிற்பாடுதான் அவருக்கு வந்தது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் ஒரே ஆள் இரண்டு தேதிகளில் கேப்டன் ஆனதுபோலத் தோன்றி, எது சரி என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி தேடும் இடங்கள். பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி, இரண்டும் இலவசம். 1914 அக்டோபர், நவம்பர் மாதங்களை மட்டும் திறந்தால்கூட ஒரு வாரத்துக்குப் படிக்க இருக்கும். சண்டையின் மறுபக்கத்துக்கு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளம் போதும், அந்த நாட்டின் அதிகாரபூர்வ போர் வரலாற்றைக் கடற்படைத் தொகுதி உட்பட முழுதாகப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆவணங்கள் லண்டனில் உள்ள கியூவிலும் ஜெர்மன் ராணுவ ஆவணங்கள் ஃப்ரைபர்க்கிலும் உள்ளன. அவை எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை, ஆனால் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம். சென்னைப் பகுதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும், கேட்கும் ஆவணத்தின் ஆண்டும் துறையும் தெரியாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஜெர்மன்காரர்கள் யூ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைப்பார்கள், 1914 ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு எழுதின, இன்னும் சில இடங்களில் யூவுக்குப் பின்னால் ஒரு ஈ சேர்த்திருக்கும். மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். எம்டனின் தாய்த் துறைமுகம் அன்று சிங்டாவ், இன்றைய சீன வரைபடத்தில் சிங்தாவோ. ஸ்கேன் செய்த பழைய தாளைக் கணினி தப்பாகப் படிக்கும் என்பதால், பெயரை விட்டுவிட்டுத் தேதியையும் கப்பலையும் வைத்துத் தேடினால்தான் சில சமயம் கிடைக்கும்.

சரி, கட்டங்களை நிரப்பலாம். 1914 ஜூலை 31 எம்டன் சிங்டாவை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் 4 ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்தது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் உள்ள பாகன் தீவில் ஜெர்மனியின் கிழக்காசியப் படை ஒன்றுகூடியபோது, தலைவர் ஷ்பே மொத்தப் படையையும் தென் அமெரிக்கா பக்கம் கொண்டுபோக நினைத்தார். ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாமே என்று முல்லர் யோசனை சொன்னார், ஷ்பே அவரையே அனுப்பினார். கூட மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பல் மட்டும். இந்த ஒரு வரியில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் முல்லரின் புகழ் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. எம்டன் 1908-ல் டான்சிக்கில் கடலில் இறக்கப்பட்ட கப்பல், பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், டர்பைன் அல்லாத பழைய பாணி பிஸ்டன் எஞ்சின். அந்த வட்டாரத்தில் இருந்த எந்தப் பெரிய எதிரிக் கப்பலோடும் நேருக்கு நேர் மோத முடியாது. ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது, நிலக்கரி தீர்ந்தால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான், இதெல்லாம் தெரிந்தே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

அதனால் அடுத்த மூன்று மாதத்தைப் படிக்கும்போது சண்டைகளைவிட நிலக்கரியைத் தொடருங்கள். எங்கே, யாரிடமிருந்து, எப்போது கரி ஏற்றினார் என்று தனி நிறத்தில் குறித்தால், அவர் ஏன் திடீரென்று மாலத்தீவுப் பக்கம் போகிறார், ஏன் டியேகோ கார்சியாவில் ஒதுங்குகிறார் என்பதெல்லாம் தானாக விளங்கும். அக்டோபர் இரண்டாம் வாரம் டியேகோ கார்சியாவுக்குப் போனபோது, உலகப் போர் மூண்ட செய்தியே அங்கிருந்தவர்களுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. தீவுக்காரர்களின் மோட்டார் படகைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வங்காள விரிகுடாவில் செப்டம்பர் 10-லிருந்து பிடித்த கப்பல்களை வரிசையாக எழுதுங்கள்: இண்டஸ், லோவட், கபிங்கா, கில்லின், டிப்ளமட், ட்ராபாக், கிளான் மேத்தீசன். டிப்ளமட்டில் தேயிலை, இண்டஸில் மற்றதோடு நிறையச் சோப்பு, எம்டனில் சோப்புத் தீர்ந்துகொண்டிருந்த நேரம். கபிங்காவை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மாலுமிகளை எல்லாம் அதில் ஏற்றி அனுப்பினார். லோரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை, இத்தாலி அப்போது நடுநிலை நாடு என்பதால், போக விட்டார். அதன் மூலம்தான் பிரிட்டிஷாருக்கு எம்டன் இருக்கும் செய்தியே போனது. கப்பலை அடையாளம் தெரியாமல் ஆக்க, இருந்த மூன்று புகைபோக்கியோடு துணியும் மரமும் வைத்து நான்காவது ஒன்றைக் கட்டியிருந்தார்கள், தூரத்திலிருந்து பிரிட்டனின் போர்க்கப்பல் யார்மவுத் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக. கரையோரமாகப் பார்த்தவர்களின் சாட்சியத்தில் "நான்கு புகைபோக்கி" என்று வந்தால் அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டன் கணக்கில் ஒரு எச்சரிக்கை. வணிகக் கப்பல்களுக்குச் சொல்லும் டன் எடை கிடையாது, உள்ளே உள்ள கொள்ளளவு, 100 கன அடிக்கு ஒரு டன். போர்க்கப்பலுக்குச் சொல்லும் டன் அது மிதக்கும்போது விலக்கும் நீரின் எடை. எம்டன் அழித்தது சுமார் 70,000 டன் என்று வரும் இடத்தில் போர்க்கப்பல்களையும் கூட்டிவிட்டால் கணக்கு குழம்பும். பிடித்தது, மூழ்கடித்தது, விடுவித்தது, தன்னோடு வைத்துக்கொண்டது, இந்த நான்கையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு புத்தகம் 16 என்றும் இன்னொன்று 23 என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம், இரண்டும் பொய்யில்லை.

சென்னைக்கு வருவோம். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் கரையிலிருந்து ஏறக்குறைய 3,000 கஜம் வரை வந்து, விளக்குப் போட்டுப் பார்த்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சுமார் 125, 130 என்று குண்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். இப்படி மாறும் எண்களைச் சராசரி எடுக்காதீர்கள். கப்பலிலிருந்து சுட்ட எண்ணிக்கையும் கரையில் விழுந்ததாகப் பொறுக்கி எண்ணியதும் வேறு வேறு, எந்தப் பக்கம் எண்ணியது என்று ஐந்தாவது கட்டத்தில் எழுதினாலே போதும். அன்றைக்குக் கலங்கரை விளக்கம் இருந்தது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில். ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் குண்டு பட்டு ஆட்கள் இறந்தார்கள், மொத்தம் குறைந்தது ஐந்து பேர். பணக் கணக்கில் எரிந்த எண்ணெய் பெரிய நஷ்டமே கிடையாது. இந்தியாவில் பிரிட்டிஷ்காரனுக்கு இருந்த மதிப்பைக் குலைப்பதும் கப்பல் போக்குவரத்தைக் கலங்கடிப்பதும்தான் நோக்கம் என்று முல்லரே பின்னால் சொன்னார். அது நிறைவேறியதா என்று பார்க்க ராணுவ ஆவணம் வேண்டாம், அந்த வாரத்துப் பத்திரிகைகளில் காப்பீட்டுக் கட்டணம், கப்பல் புறப்பாட்டுப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது.

அடுத்து பினாங்கு, அக்டோபர் 28 விடியற்காலை. துறைமுகத்தில் அசந்து நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோவால் அடித்தார், 89 பேர் இறந்தார்கள், கேப்டன் அன்று கரையில் இருந்ததால் பின்னால் விசாரணைக்கு ஆளானார். வெளியே வரும் வழியில் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்து, தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டார். இங்கே ரஷ்ய ஆவணத்தைப் பார்த்தால் தேதி அக்டோபர் 15 என்று இருக்கும், பயப்பட வேண்டாம். அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 13 நாள் பின்னால். கடிகாரமும் இதே தொல்லைதான், ஒவ்வொரு கப்பலும் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளும், ஒரே குண்டு இரண்டு கப்பலின் குறிப்பில் வேறு வேறு மணியில் வெடிக்கும். மணியை விட்டுவிட்டு எது முன், எது பின் என்ற வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொன்ன ஐந்தாவது கட்டம். நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் டைரக்‌ஷன் தீவுத் தந்தி நிலையத்தை உடைக்க முல்லர் தன் முதல் அதிகாரி ஹெல்முட் ஃபான் மூக்கெ தலைமையில் சுமார் 50 பேரை இறக்கினார். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் "வாசலில் அந்நியக் கப்பல்" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியத் துருப்புகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் கூட்டம் அருகில்தான் இருந்தது, அதன் காவலிலிருந்து சிட்னி என்ற குரூசர் பிரிந்து வந்தது. அதைப் பார்த்ததும் இறங்கியவர்களை ஏற்றக் காத்திராமல் எம்டன் கிளம்பிவிட்டது. முதல் சூடு எம்டனுடையது, அதுவும் அசத்தலான குறி. ஆனால் எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ, சிட்னியின் ஆறு அங்குல பீரங்கிக் குண்டு 45 கிலோ, வேகமும் சிட்னிக்கே அதிகம். புகைபோக்கிகள் சாய்ந்து, கப்பல் எரிய ஆரம்பித்ததும் முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிட்னியில் நான்கு பேர்.

இந்தக் கதையை உலகத்துக்கு முதலில் பரப்பியவர் மூக்கெ. அவர் தீவில் கிடைத்த ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு ஆட்களோடு தப்பி, அரேபியா வழியாக 1915-ல் கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்து, புத்தகமும் எழுதினார். ஆனால் சண்டை நடந்தபோது அவர் எங்கே இருந்தார்? தீவில். தூரத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், பிற்பாதியில் கப்பல்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. இன்னொருவர் எம்டன் அதிகாரி லாட்டர்பாக், ரொம்ப ருசியாகக் கதை சொல்பவர், எக்ஸ்ஃபோர்ட் என்ற பிடித்த கப்பலின் பொறுப்பில் வேறெங்கோ இருந்தார். கப்பலிலேயே இருந்த ஹோஹென்சோலர்ன் இளவரசர் டார்பிடோ அதிகாரி, எம்டனில் டார்பிடோக் குழாய்கள் நீர்மட்டத்துக்குக் கீழே, அங்கிருந்து வெளியே நடப்பது தெரியாது. மேல்தளத்தில் நின்று முழுதாகப் பார்த்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். ரகசியக் காகிதங்களைக் கப்பலிலேயே எரித்துவிட்டார்கள். ஆக, எம்டன் பக்கத்துக்கு முல்லரின் அறிக்கையையும், எதிர்ப்பக்கத்துக்கு சிட்னியின் கேப்டன் க்ளாசப்பின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் ஒரே வழி.

அப்படி வைத்துப் படித்தால் முக்கியமான ஒரு முரண் தெரியும். எம்டன் பாறையில் ஏறிய பின் சிட்னி, எம்டனின் நிலக்கரிக் கப்பல் பியூரெஸ்க்கைத் துரத்திப்போய்விட்டுத் திரும்பியது. எம்டனில் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறாயா என்று க்ளாசப் சைகையில் கேட்டார், சைகைப் புத்தகம் இல்லை என்று பதில் வந்தது, மறுபடியும் சுட்டார், இன்னும் சிலர் இறந்தார்கள், பிறகு கொடி இறங்கியது. ஜெர்மானியர்களுக்கு அது கொடுமை, க்ளாசப்புக்குக் கொடி பறக்கும் எதிரி. நான் இரண்டையும் அப்படியே எழுதிவைத்தேன், தீர்ப்பு சொல்லவில்லை. என் சொந்த எண்ணம், கொடியை முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான்.

பதக்கங்களைக் கடைசியில் எடுங்கள். முதல் வகுப்பு இரும்புச் சிலுவை எம்டன் உலா வந்த காலத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் மிகப் பெரிய போர் விருதான பூர் லெ மெரிட் வந்தது 1918 மார்ச்சில். விருதுக்கும் செயலுக்கும் நடுவே இப்படி மூன்றரை வருடம் விழுந்தால் அந்த இடைவெளியில் ஆள் எங்கே என்று கேளுங்கள். முல்லர் கைதி. முதலில் மால்டா, 1916-ல் தனியாகப் பிரித்து இங்கிலாந்தின் சட்டன் பானிங்டன் முகாம். அங்கே 1917 செப்டம்பரில் சுரங்கம் தோண்டி இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு தப்பினார், சீக்கிரமே பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார், அக்டோபரில் ஊர் திரும்பினார். கைதிகள் விஷயத்துக்கு செஞ்சிலுவைச் சங்கம் முதல் உலகப் போர் அட்டைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது, மெனக்கெட்டுத் தேடினால் கிடைக்கும். 1919-ல் ஓய்வு, அப்புறம் ப்ரவுன்ஷ்வைக் மாகாண சட்டசபை, 1923 மார்ச் 11 மரணம், வயது 49. கூட இருந்தவர்கள் புத்தகம் போட்டுக் கொண்டாடியபோது அவர் தன் பங்குக்கு ஒன்றும் எழுதி விற்கவில்லை.

நம் ஊர்க் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னையில் குண்டு போட வழிகாட்டியவரே அவர்தான் என்று கேட்டிருப்பீர்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். நம் ஐந்து கட்டத்தில் போட்டுப் பாருங்கள். எம்டன் சீனாவிலிருந்து கிளம்பி பசிபிக் வழியாக வந்தது. அதே மாதங்களில் பிள்ளை சூரிச்சிலும் அதன் பிறகு பெர்லினிலும் இந்திய விடுதலைக் குழுக்களில் வேலை செய்துகொண்டிருந்தார். சிங்டாவுக்கு அவர் எப்போது போனார், எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார்? கப்பல் பாறையில் மோதிய பிறகு உயிரோடு இருந்தவர்கள் கைதிகளானார்கள், அவர் ஆகவில்லை. மூக்கெயோடு தப்பியவர்களிலும் இல்லை. ஒரு தேதிகூட எழுத முடியாமல் அந்த வரி காலியாக நிற்கும். தாத்தா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டார்.